வற்றுக் கடலில் ஒரு தமிழ் வகுப்பு

கடந்த கோடை விடுமுறையில் டென்மார்க்கில் நடைபெற்ற தொண்டர் ஆசிரியர் பயிற்சிப் பட்டறையில் நமது பாடசாலையின் சார்பில் நானும் கலந்துகொண்டேன். மூன்று நாட்களும் நிகழ்ந்த விரிவுரைகள் பயனுள்ளவையே. குறிப்பேடு நிரம்ப எழுதிக்கொண்டேன். ஆயினும் வீடு திரும்பிய பின்னர் அக்குறிப்பேட்டை ஒருமுறைதான் திறந்திருக்கிறேன். மனத்தில் அழியாமல் நிற்பது, நிகழ்ச்சி நிரலில் ‘சுற்றுலா’ என்னும் ஒற்றைச் சொல்லால் குறிக்கப்பட்டிருந்த இறுதிநாட் பிற்பகலேயாகும். அதுபற்றிப் பெற்றோரிடமும் மாணவச் செல்வங்களிடமும் சில சொல்லவேண்டியுள்ளது.

டென்மார்க்கின் தென்மேற்குக் கரையில் மாண்டோ என்றொரு சிறுதீவு உண்டு. அங்கு நிலையாக வாழ்வோர் சில பத்துப் பேரே. பாலம் கிடையாது. கடல் வற்றும் வேளையில், உழவு இயந்திரம் இழுத்துச் செல்லும் பேருந்தில் சேற்றுநிலத்தின் மீது போகவேண்டும். பெருக்கு வந்துவிட்டால் பாதை நீருள் மறைந்துவிடும். தீவுக்கு அப்பால் கோரெசாண்ட் என்னும் பெரும் மணற்றிட்டு இருக்கிறது. அதன் விளிம்பிலேதான் கடல்நாய்கள் கிடந்தன.

தொலைவிலேயே எங்களை நிறுத்திவிட்டார் வழிகாட்டி. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு முன்னே போக முயன்ற ஆசிரியர் இருவருக்கு நல்ல ஏச்சும் கிடைத்தது. (மாணவர்கள் இதைப் படித்து மகிழட்டும்.) கோடையின் தொடக்கத்தில் குட்டி ஈனும் இவ்விலங்குகள் ஏறத்தாழ நான்கு வாரங்களே பாலூட்டுகின்றன. தாய் இரைதேடப் போன நேரத்தில் குட்டி தனியே கிடந்து கத்தும். அநாதையென எண்ணி மனிதர் அதனைத் தூக்கினால், அல்லது நெருங்கி நின்றால், தாய் திரும்பி வராமற்போகலாம். இரக்கமே தீங்காகிவிடும் இடம் அது.

வழிகாட்டி டேனிஷ் மொழியில் கூறியதை, அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் தமிழாக்கினார். தமிழ்ப் பாடசாலையில் இறுதி வகுப்புவரை பயின்று சிறப்புச் சித்தி பெற்றவர். மேடையில் ஏறினால் தங்குதடையின்றிப் பேசக்கூடியவர். அவர் தொடக்கத்திலேயே தடுமாறினார். “சேர், கடல் உள்ளுக்குப் போறதுக்குத் தமிழில் என்ன?” என்று என்னிடம் கேட்டார். ‘வற்று’ என்றேன். திரும்பி வருவது ‘பெருக்கு’. இரண்டையும் சேர்த்து வற்றுப்பெருக்கு என்பது எங்கள் புவியியற் பாடநூலில் இருந்த சொல். நம் பிள்ளைகள் யேர்மன் மொழியில் எப்பே என்றும் ஃபுளூட் என்றும் நன்கறிவார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பிக்கும் நாம் அவ்விரு சொற்களைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதிலே ஒரு வியப்பும் உண்டு. கடல்நாயை யேர்மனியர் ‘சேஹுண்ட்’ என்பர். சே என்பது கடல், ஹுண்ட் என்பது நாய். அவர்களுடைய ‘சேகூ’ நமது கடற்பசு. இரு இனத்தாரும் ஒரே விலங்கை ஒரே கண்ணால் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள்! எழுதிக்கொடுத்துப் பாடமாக்கச் சொல்ல வேண்டியதேயில்லை. ஒருமுறை கேட்டால் பிள்ளை மறக்காது.

ஆசிரியையின் தடுமாற்றத்தைக் கண்டு நான் பெருமைப்பட்டிருந்தால் அப்பெருமை அரை மணிநேரமும் நீடிக்கவில்லை. வழிகாட்டி சேற்றைக் கிளறி ஒரு புழுவை எடுத்தார். அதன் தமிழ்ப் பெயர் எனக்குத் தெரியவில்லை. மன்னார்த் தீவிலே பிறந்தவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எங்கள் ஊர்க் கடற்றொழிலாளி ஒருவர் நின்றிருந்தால் உடனே சொல்லியிருப்பார்.

அச்சேற்றில் சின்னஞ்சிறு பறவைகள் கூட்டமாய் இரை கொத்தின. உள்ளான் இனம். ஒல்லாந்து முதல் டென்மார்க் வரை நீளும் இக்கடற்பரப்பை ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பறவைகள் பயன்படுத்துகின்றன. 2009இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது. டென்மார்க்கின் பகுதி 2014இல் சேர்க்கப்பட்டது. “இவை நம்மூருக்குப் போகும் பறவைகள், இவற்றுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம்” என்று நண்பர் ஒருவர் உருகினார். இலங்கை தவிர்ந்த நாடுகளுக்குச் செல்லலாம் என்று எழுதப்பட்ட நீலநிறப் பயண ஆவணம் என் சட்டைப்பையில் இருந்தமையால் எனக்கும் அவ்வாறு எண்ண ஆசைதான். ஆனால் இக்கரையில் இளைப்பாறுபவை பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவை நோக்கிச் செல்வன. மன்னாருக்கு வருபவை நடு ஆசியாவின் ஊடாக வேறு வழியில் வருகின்றன. உறவினர்தான், வழி வேறு.

அப்பொழுதுதான் எனக்கு வெட்கம் வந்தது. 2010இல் நாட்டைவிட்டு வெளியேறும்வரை மன்னாரில் ஏழாண்டுகள் கற்பித்தேன். தாம்போதியைக் கடந்தால் வங்காலை நீர்ப்பரப்பு. மாரிகாலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். 2008இல் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. ஒரு நாளாவது ஒரு வகுப்பையாவது அங்கு அழைத்துச் சென்றேனா? இல்லை. போரைக் காரணம் கூறலாம்தான். ஆயின் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த காலத்திலும் நான் கரும்பலகையில் நாரை வரைந்துகொண்டுதான் இருந்தேன். பரீட்சை நெருங்குகிறது என்பது என் சாட்டு.

இங்கும் அதே சாட்டைத்தான் கூறிவருகிறோம். டென்மார்க்கில் நான் வியந்து நின்ற அதே கடலின் தென்கரை குக்ஸ்ஹாபெனில் இருக்கிறது. நம் நகரிலிருந்து இரண்டு மணிநேரத்துக்குள் போய்விடலாம். நமது ஆண்டுச் சுற்றுலாவோ தவறாமல் கேளிக்கைப் பூங்காவுக்கே போகிறது. அங்கே பிள்ளைகள் பயந்து அலறுவதும் யேர்மன் மொழியிலேயே.

“வாரத்தில் இரண்டரை மணித்தியாலந்தான் தமிழ். அதையும் குருவி பார்க்கச் செலவழிப்பதா?” என்று ஒரு தந்தையார் கேட்டார். நியாயமான கேள்வி. பரீட்சையும் சான்றிதழும் வேண்டாமென்று நான் கூறவில்லை. ஆனால் அவருடைய மகள் மூன்று ஆண்டுகளாக ‘பசு ஒரு வீட்டு மிருகம்’ என்று தொடங்கும் அதே பத்து வசனங்களையே எழுதிவருகிறாள். அவள் பசுவைத் தொட்டதில்லை. எழுத்துப்பிழை இல்லை, முழுப்புள்ளியும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பத்து வசனங்களில் அவள் தான் கண்டது ஒன்றையும் சொல்லவில்லை. தன் கண்ணால் கண்ட ஒன்றைத் தாயிடம் சொல்லத் தவிக்கும்போதுதான் பிள்ளைக்குச் சொல் தேவைப்படுகிறது. அத்தேவையை வகுப்பறைச் சுவர்களுக்குள் உண்டாக்க என்னால் முடியவில்லை என்பதை இருபதாண்டு ஆசிரியனாக ஒப்புக்கொள்கிறேன்.

சொல்லித்தர ஆளில்லை என்பதும் சரியன்று. எனது வகுப்பு மாணவன் ஒருவனின் பேத்தியார் பேசாலையைச் சேர்ந்தவர். அவரை ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்தேன். கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று காற்றுகளின் பெயர்களைக் கைகாட்டித் திசையோடு சொன்னார். கடற்பசுவை நாங்கள் ஆவுளியா என்போம் என்றார். தம் சிறுபராயத்தில் அதன் இறைச்சி உண்டதையும் மறைக்காமற் கூறினார். பாக்கு நீரிணையின் மறுகரையில் 2022இல் அவ்விலங்குக்கெனவே காப்பகம் அறிவிக்கப்பட்டதை நான் சொன்னபோது, “இனியாவது இருக்கட்டும்” என்றார். வகுப்பு முடிந்த பின்னும் எந்தப் பிள்ளையும் எழுந்து போகவில்லை. அந்தச் சேற்றுப் புழுவைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். நேரில் பார்த்தால்தான் சொல்லலாம் என்றார்.

ஆகவே வரும் சித்திரையில் ஒரு சனிக்கிழமை வகுப்பைக் குக்ஸ்ஹாபென் கரையில் நடத்த நிருவாகத்திடம் அனுமதி கேட்டுள்ளேன். வற்று நேரம் பார்த்தே நாள் குறிக்கவேண்டும். முழங்கால்வரை வரும் இறப்பர்ச் சப்பாத்தும் மாற்றுடுப்பும் பெற்றோர் கொடுத்துவிட வேண்டும். அப்பேத்தியாரும் வருவதாகக் கூறியுள்ளார். அங்கே இருப்பதற்கு வாங்கு ஏதும் உண்டா என்று மட்டும் கேட்டார். நானே ஒரு மடக்குக் கதிரை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.