பதுளைக் காசோலையும் கணினி படிக்கும் மகளும்

சகோதரிகளே, முன்பு பதுளை வங்கியில் போட்ட காசோலை மலைப்பாதை இறங்கிக் கொழும்பு போய்த்தான் காசாகும். நாட்கணக்கில் காத்திருப்போம். 2006இல் லங்கா கிளியர் நிறுவனம் காசோலையின் படத்தை மட்டும் கணினிவழி அனுப்பத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல் முறை. 2015இலிருந்து பசறைத் தோட்டத்துத் தாயின் கணக்கில், மகன் வேறு வங்கியிலிருந்து அனுப்பும் காசு உடனேயே விழுகிறது.

இதற்குப் பின்னால் இருப்பவர்கள் கணினி விஞ்ஞானம் படித்தவர்கள். 1996இல் நம் நாட்டில் தொடங்கிய மில்லேனியம் ஐ.ரி. நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச் சந்தையே விலைக்கு வாங்கியது. 2011இல் அந்தச் சந்தையின் வியாபாரம் இங்கே எழுதிய நிரலுக்கு மாறியது!

உங்கள் மகளுக்குப் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய பீ.ஐ.ரி. வெளிவாரிப் பட்டம் உண்டு, வீட்டிலிருந்தே படிக்கலாம்.

பட்டம் முடிந்த கையோடு தலைமைப் பதவி வராது. சில வருடம் நிரல் எழுத வேண்டும், பிழை தேட வேண்டும், வங்கிக் கணக்கு நடைமுறை பழக வேண்டும், நடுச்சாமத்தில் இயந்திரம் நின்றால் எழும்ப வேண்டும். கல்யாணமும் பிள்ளைப்பேறும் வருவது அதே வருடங்களில்தான். ஆகவே சம்பந்தம் பேசும்போதே, மகள் வேலையைத் தொடர்வாள் என்று சொல்லி விடுங்கள். சீர் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோமே, இதற்கு ஐந்து நிமிடம் போதும்.