நாட்டுப்புறமும் நம் கடமையும்

நகரத்திலே கல்வி பயிலும் நம்மவர் கிராமத்தைப் பற்றிப் பேசுங்கால் இரு வகையாகப் பேசக் கேட்கின்றோம். ஒரு சாரார், பச்சைப் பசேலென்ற வயலும், குயில் கூவும் தோப்பும், கள்ளங் கபடமற்ற மக்களும் நிறைந்ததோர் இன்பவுலகம் அஃது என்பர். மற்றொரு சாரார், அறியாமையும் சாதிப் பூசலும் மண்டிக் கிடக்கும் இருட்டறை அஃது என்றும், அதனின்று தப்பி வருதலே கல்வியின் பயன் என்றும் கூறுவர். இவ்விரு சாராருள் எவரும் கிராமத்தை நன்கு கண்டவராக நமக்குத் தோன்றவில்லை. முன்னவர் அதனைப் பேருந்தின் சன்னல் வழியே கண்டவர்; பின்னவர் தாம் விட்டு வந்த ஊரைத் திரும்பிப் பாராதவர். கிராமம் வணங்குதற்கும் உரியதன்று, வெறுத்தற்கும் உரியதன்று, அறிதற்கு உரியது. நாமோ அதற்குக் கடன்பட்டவர்கள். இவ்விரண்டையும் நம் மாணாக்கர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு அண்மையிலுள்ள பாகூரையே எடுத்துக்கொள்வோம். புதுவையினின்று கடலூர்ச் சாலையிலே தெற்கு நோக்கிச் சென்று மேற்கே திரும்பினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்த் தொலைவில் அவ்வூர் இருக்கின்றது. புதுவை வட்டாரத்து ஏரிகளுள் ஊசுடேரிக்கு அடுத்த பெருமையுடையது பாகூர் ஏரி. தென்பெண்ணையாற்றிலே சொர்ணாவூர் அணைக்கட்டினின்று பிரியும் பங்காரு வாய்க்கால் அதற்கு நீர் கொணர்கின்றது. பங்காரி, சிங்காரி என்னும் தேவதாசியர் இருவருள் ஒருத்தி தன் பொருளைச் செலவிட்டு அவ்வாய்க்காலை வெட்டுவித்தாள் என்பது செவிவழிச் செய்தி. மழைக் காலத்திலே கலங்கல் வழிந்தோடவும், மதகு திறந்த நாளிலே கால்வாய்தோறும் நீர் சலசலத்துச் செல்லவும், நெல்லும் கரும்பும் வாழையும் செழித்து நிற்கவும் காண்போர், புதுவையின் நெற்களஞ்சியம் என்று அவ்வூரை அழைத்தல் பொருத்தமே என்பர்.

பாகூரின் பெருமை நெல்லோடு முடிவதன்று. கல்லூரி மாணாக்கராகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலே, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய எட்டாம் ஆட்சியாண்டில், அவ்வூரில் நடைபெற்ற வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பெற்றன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவ்வூர்களின் பெயர்கள். வடமொழியும் தமிழும் விரவிய பாகூர்ச் செப்பேடுகள் இதனைத் தெரிவிக்கின்றன. இன்று புதுவை நகரிலே தெருவுக்குத் தெரு கல்விச்சாலை இருத்தலைக் கண்டு நாம் இறுமாப்புக் கொள்கின்றோம். பதினொரு நூற்றாண்டுகட்கு முன்னரே நம் வட்டாரத்துக் கல்விச்சாலை ஓர் ஏரிக்கரை ஊரில் இருந்தது என்பதையும், உழவன் உழைப்பே அதனைத் தாங்கி நின்றது என்பதையும் எத்துணைப் பேர் நினைக்கின்றோம்? அன்று மூன்று ஊர்கள் ஒரு கல்விச்சாலையை ஊட்டின. அவ்வூர்கட்குக் கல்விச்சாலை திருப்பிக் கொடுத்தது யாது? இக்கேள்வியை நம் காலத்துக்கும் உரியதாகவே நாம் கருதுகின்றோம்.

நகரம் கிராமத்துக்குப் பட்டுள்ள கடனுக்கு நம் கண்முன்னே ஒரு கற்சான்று நிற்கின்றது. பாரதிப் பூங்காவின் நடுவே விளங்கும் ஆயி மண்டபத்தை அறியாதார் புதுவையில் இலர். அதுவே நம் அரசின் சின்னமாகவும் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரப்பாளையத்தினின்று நகரத்துக்குக் குடிநீர் கொண்டு வரப்பெற்றதன் நினைவாக அஃது எழுந்தது. தன் மாளிகையை இடித்து அவ்விடத்தே குளம் வெட்டிய ஆயி என்னும் பெண்ணின் பெயர், கதை வழியாக அதற்கு வாய்த்தது. அரசனுடைய சிலையோ படைத்தலைவனுடைய வெற்றித்தூணோ அன்றி, ஊர்ப்புறத்து நீர்நிலையொன்றன் நினைவே ஒரு நகரத்துக்கு அடையாளமாய் நிற்றல் வியப்பன்றோ? ஆயினும் மண்டபத்தின் நிழலில் இளைப்பாறுவோர் பலராகவும், நீர் வந்த வழியை நினைப்போர் சிலராகவும் இருக்கின்றனர்.

கிராமத்தின் நிலை பிற நாட்டில் எவ்வாறு இருந்தது என்று நோக்குதலும் பயனுடைத்து. மிஷன் கல்விச்சாலைகளிலே பயின்றோர்க்கு ஸ்காத்லாந்து தேசம் புதியதன்று. 1837ஆம் ஆண்டிலே சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும், அதனைப் பெருங் கல்லூரியாக வளர்த்த வில்லியம் மில்லரும் அந்நாட்டினரே. குளிர்ந்த மலைகளும், கற்சுவர் வீடுகளும், ஆட்டு மந்தைகளும், சிறியதொரு கோவிலும் கொண்ட ஊர்களே அந்நாட்டில் மிகுதி. 1696ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பங்குதோறும் ஒரு பள்ளியும் ஓர் ஆசிரியரும் இருத்தல் வேண்டுமென்றும், அதற்காகும் செலவை அவ்வூர் நிலக்கிழார் ஏற்றல் வேண்டுமென்றும் விதித்தது. ஏழை உழவன் மகன் ஊர்ப் பள்ளியிலே எழுத்தறிந்து பல்கலைக்கழகம் புகுதற்கு அது வழி வகுத்தது.

ஆயினும் அவ்வூர்களின் கதை முழுவதும் இன்பக் கதையன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, ஆட்டு மந்தை மிக்க ஆதாயம் தரும் எனக் கண்ட நிலக்கிழார், மலைநாட்டுக் குடிகளைத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டினின்றும் வெளியேற்றினர். கூரையிழந்த வீடுகளின் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. எஞ்சிய சிறு குடியானவர்க்கு நிலத்திலே நிலைத்த உரிமை தருஞ் சட்டம் 1886ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. அதன் பின்னரும் நூறாண்டு கழிந்து, 1997ஆம் ஆண்டிலே, ஏக் என்னும் சிறு தீவின் மக்கள் ஒன்று கூடித் தம் தீவைத் தனியுடைமையாளரிடமிருந்து விலை கொடுத்து மீட்டனர். பின்னர் 2008ஆம் ஆண்டில், காற்றாலும் நீராலும் வெயிலாலும் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கும் அமைப்பொன்றையும் நிறுவினர். ஒரு நூறு பேருள்ள ஊர் செய்ததை ஆயிரக்கணக்கான மக்கள் வாழும் நம் ஊர்கள் செய்ய இயலாவோ? பள்ளி ஊர்மக்களின் அறிவை வளர்த்தது. நிலத்தின்மேல் உரிமை அவர்தம் ஊக்கத்தை வளர்த்தது. இரண்டுள் ஒன்று குறையினும் ஊர் தேயும் என்பதே நாம் கற்கும் பாடம்.

கிராமத்தைப் பழைய நிலைக்கே கொண்டு செல்லுக என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணற்க. பாகூர் வித்தியாஸ்தானத்திலே வேதமும் சாத்திரமும் ஓதப்பெற்றன. ஏரியைத் தூர்வாரியவன் பிள்ளைக்கு அதன் வாயில் திறந்திருக்கவில்லை. ஊர் ஒரு புறமாகவும் சேரி ஒரு புறமாகவும், கிணறு வேறாகவும் சுடுகாடு வேறாகவும் வகுத்து வைத்த அநீதி நம் கிராமங்களின் தீராத களங்கம். 1948ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலே அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பாடுவாரைக் கடிந்து பேசினார். அவர் கூற்றில் உண்மையில்லையென்று சொல்ல எவர்க்கும் துணிவு வாராது. நோயுற்றவனிடத்தே அன்பிருந்தால் மருந்து கொடுப்போமேயன்றி, அவனுக்கு நோயே இல்லையென்று வாதாடோம். அவனைத் தெருவில் விட்டு அகலவும் மாட்டோம். கிராமத்தின்பால் நாம் வேண்டும் அன்பும் அத்தகையதே.

இன்று நம் கண்முன் நிகழ்வது யாது? 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி புதுவை ஒன்றியப் பகுதியிலே நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் நகரவாசிகள். நகரம் ஊரை நோக்கி நடந்து வருகின்றது. நேற்று நெல் விளைந்த வயலிலே இன்று மனைக்கல் நடப்படுகின்றது. வயலொன்று மனையானால் ஒரு வயல் மட்டும் போயிற்றென்று எண்ணுதல் பிழை. அதன் வழியே சென்ற கால்வாய் அடைபடும். கடைமடை வயல் காயும். அதன் உடையவனும் மனை விற்பவனைத் தேடிச் செல்வான். ஆழ்குழாய்க் கிணறு வந்த பின்னர் ஏரி நீரை எதிர்பார்ப்போர் குறைந்தனர். எதிர்பார்ப்போர் குறையவே, வரத்துக்கால் தூர்ந்தது. தூரவே, நிலத்தடி நீர் ஊறுவதும் குறைந்தது. கடலோரத்து ஊர்கள் சிலவற்றிலே கிணற்று நீர் உவர்ப்பேறிவிட்டது. 1999ஆம் ஆண்டு முதலாக ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவி பெற்று, புதுவை வட்டாரத்தின் எண்பதுக்கு மேற்பட்ட ஏரிகளைப் புதுப்பிக்கும் பணி நிகழ்ந்தது. ஏரிதோறும் அதனைப் பயன்படுத்துவோரின் சங்கமும் அமைக்கப்பெற்றது. நற்பணியே எனினும், பிறர் பணத்தால் வெட்டிய மண் மறு மழையிலே மீண்டும் சரியும். அதனை ஆண்டுதோறும் அள்ளுவதற்குரிய கை ஊரிலேயே இருத்தல் வேண்டும்.

அக்கைக்கு அதிகாரமும் வேண்டும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, முதற் பராந்தகன் காலத்தில், உத்தரமேரூர்ச் சபை குடவோலை வழியாக ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்த முறையை நாம் பாடப் புத்தகத்திற் படித்துப் பெருமிதம் அடைகின்றோம். நம் புதுவையிலோ 1968ஆம் ஆண்டிலே உள்ளாட்சித் தேர்தல் நிகழ்ந்த பின்னர், அடுத்த தேர்தலுக்கு 38 ஆண்டுகள் காத்திருந்தோம். 1973ஆம் ஆண்டிலே கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் பிறந்தது. 1992ஆம் ஆண்டிலே அரசியல் சட்டமும் திருத்தப்பெற்றது. அங்ஙனமிருந்தும் 2006ஆம் ஆண்டிலேதான் வாக்குப் பெட்டி ஊருக்கு வந்தது. அத்தேர்தலில் வந்தோரின் ஐந்தாண்டுக் காலம் 2011ஆம் ஆண்டிலே முடிவெய்தியபோது புதிய தேர்தல் நடத்தப்பெறவில்லை. தன் மதகைத் திறக்கவும் தன் தெருவைத் துப்புரவு செய்யவும் நகரத்து அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கும் ஊரிலே, இளைஞன் எதனை நம்பித் தங்குவான்? கிராமத்தார் ஊரை விட்டு ஓடுகின்றனர் என்று குறை கூறுமுன், ஊரைப் பற்றிய முடிவுகள் ஊரை விட்டு ஓடிவிட்டன என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இனி, மாணாக்கர் செய்யத்தக்கது யாது? விடுமுறைதோறும் சிறு சிறு குழுவாகச் சென்று ஓர் ஏரியையேனும் நன்கு அறிந்து வருக. அதன் வரத்துக்கால் எங்கே பிரிகின்றது, மதகுகள் எத்தனை, கலங்கல் எம்மட்டத்தில் உள்ளது, எவ்விடத்தே அடைப்பு நேர்ந்துள்ளது என்பவற்றை அளந்து எழுதி, ஊராரிடமும் கல்லூரி நூல் நிலையத்திலும் ஒவ்வொரு படி வைக்க. பௌதிகம் பயில்வோர் நீரின் அளவையும், இரசாயனம் பயில்வோர் அதன் உவர்ப்பையும், சரித்திரம் பயில்வோர் கோவிற் கல்வெட்டையும் ஆராயலாம். ஊர் முதியோரிடம் கேட்டறிய வேண்டிய நீர்ப்பங்கீட்டு முறைகள் பல, எழுதுவாரின்றி அவர்களோடு மறைகின்றன. கற்பிக்கச் செல்கின்றோம் என்ற எண்ணம் வேண்டா. கற்கச் செல்கின்றோம் என்ற பணிவு போதும். சேரிப் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே திண்ணையில் மாலைப் பள்ளி நடத்துதல் அதனினும் பெரும் பணியாகும். பழைய மாணாக்கராய் உயர்பதவி வகிக்கும் அன்பர்களையும் ஒன்று வேண்டுகின்றோம்: வீட்டுமனை வாங்கும் நாளில், அம்மனையின் கீழ் ஒரு கால்வாய் ஓடியதா என்று ஒரு முறை வினவுக.

கிறிஸ்து பெருமான் தம் உவமைகளை அரண்மனையினின்று மிகுதியாக எடுத்தாரல்லர்; விதைப்பவனிடத்தும், திராட்சைத் தோட்டத்திடத்தும், காணாமற்போன ஆட்டினிடத்தும் எடுத்தார். அவர் பெயரால் எழுந்த கல்விச்சாலைகளிலே பயிலும் நாம் வயலை மறப்பது நன்றன்று. பாகூரின் மூன்று ஊர்கள் ஒரு கல்விச்சாலைக்குத் தம் விளைவைக் கொடுத்தன. நம் கல்லூரி மூன்று ஊர்களுக்கேனும் தன் அறிவைக் கொடுக்குமாயின், பழங்கடனில் ஒரு சிறு பகுதி தீர்ந்ததாகக் கொள்வோம்.