வயலின் பெயரையும் காப்போம்

சொந்தக் காணியில் கால்வைக்க முடியாதிருக்கும் ஒரு குடும்பத்திடம் அரும்பொருட் காட்சியகத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்கக்கூடும். வீடு, கிணறு, விதைநெல், உழவு இயந்திரம் என்று தேவைகள் வரிசையாக நிற்கும்போது பழைய பானையோட்டையும் ஓலைச்சுவடியையும் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? கேள்வி நியாயமானது. ஆயினும் அதற்குப் பதில் உண்டு. பழையனவற்றைப் பேணுதல் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு அன்று. இடம்பெயர்ந்த கமக்காரனுக்கு அது காணி உரிமையோடும் ஊர் திரும்பும் உரிமையோடும் பின்னிப் பிணைந்த விடயமாகும். இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தேறிய நற்பணிகள்

முதலில் மகிழ்ச்சி தரும் செய்திகளைப் பார்ப்போம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியிலேயே அறிஞரான தாவீது அடிகளார் உயிர்நீத்தார் என்பது எமது திருச்சபை மறக்காத துயரம். அந்த நெருப்பு எமக்கு ஒரு கசப்பான பாடத்தைக் கற்பித்தது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது ஒரே இரவில் இல்லாமற் போகலாம் என்பதே அந்தப் பாடம்.

அப்பாடத்தை நன்கு உள்வாங்கியவர்களின் முயற்சியாக 2005ஆம் ஆண்டில் நூலகத் திட்டம் ஆரம்பமானது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் என்பவற்றைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றி, உலகின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாகப் படிக்கும் வசதியை அது ஏற்படுத்தியது. பின்னர் பிரித்தானிய நூலகத்தின் நிதியுதவியுடன் வீடுகளில் முடங்கிக் கிடந்த ஓலைச்சுவடிகளும் இவ்வாறு படம்பிடிக்கப்பட்டன. சுவடி உரியவர் கையிலேயே இருக்கும். அதன் பிரதி எல்லோருக்கும் கிடைக்கும். இம்முறையை மனதிற் கொள்வோம். பின்னர் இது எமக்கு உதவும்.

நாவற்குழியில் 2020 ஜனவரியில் சிவபூமி அரும்பொருட் காட்சியகம் திறந்து வைக்கப்பட்டது. அரசின் திணைக்களம் எதுவும் கட்டாமல் ஓர் அறக்கட்டளையே முன்நின்று கட்டிய காட்சியகம் இது. காத்தான்குடியிலுள்ள பூர்வீக நூதனசாலை கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் வரலாற்றையும் வாழ்க்கை முறையையும் காட்டி நிற்கின்றது. இவை இரண்டும் வெவ்வேறு சமூகங்களின் முயற்சிகளாயினும் உணர்த்தும் உண்மை ஒன்றே. ஒரு சமூகம் தன் கதையைத் தானே சொல்ல முன்வர வேண்டும்.

இவற்றுள் எமது வாசகர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாகும். சமூக அபிவிருத்தி நிறுவகம் அதனை ஒரு பழைய லயத்திலேயே அமைத்தது. அங்கே அரசர்களின் வாளும் கிரீடமும் கிடையா. உழைத்த மக்களின் கருவிகளும் பாத்திரங்களும் பத்திரங்களுமே அங்குள்ள அரும்பொருட்கள். 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கமம் செய்த மலையகக் குடும்பங்கள் எம்மிடையே பலர். தம் பாட்டன் பாட்டியின் கைப்பட்ட பொருள் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் மதிப்போடு வைக்கப்பட்டிருப்பதைக் காணும்போது அவர்கள் பிள்ளைகளின் நெஞ்சு நிமிரும் அல்லவா?

கமத்தொழிலின் பழைமையை நிலத்துக்கு அடியிலும் தேடியிருக்கிறார்கள். மன்னார் மாவட்டத்தின் நெல்வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக் குளத்தின் அருகே 2016, 2017ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் அகழ்வாய்வு செய்தனர். மிகப் பழைய குடியிருப்பின் தடயங்களும், ஐயனார் வழிபாட்டுடன் தொடர்புடைய சுடுமண் உருவங்களும் அங்கே வெளிப்பட்டன. இன்றும் வன்னியின் குளக்கட்டுகளில் ஐயனாரை வைத்துப் பொங்கும் வழக்கம் உண்டு என்பதை நாம் அறிவோம். குளமும் வயலும் வழிபாடும் ஒன்றாகப் பிணைந்த வாழ்வு இம்மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கின்றது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அச்சத்துக்கும் காரணம் உண்டு

இத்தனை நற்பணிகள் நடந்தும் ‘தொல்பொருள்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது கமக்காரர் பலரின் முகம் ஏன் வாடுகின்றது? அதற்கும் காரணம் இருக்கின்றது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் குருந்தூர்மலையில் தொல்பொருள் திணைக்களம் 2021 ஜனவரியில் அகழ்வை ஆரம்பித்தது. அதன் பின்னர் மலையைச் சூழவுள்ள வயல் நிலங்கள் பற்றிய பிணக்கு பெரிதாகியது. தண்ணிமுறிப்புப் பகுதியில் 1984ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் திரும்பிவந்த குடும்பங்கள் தாம் விதைத்த வயலில் எல்லைக் கற்களைக் கண்டு திகைத்தன. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை நிருவகிக்க ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதன் முதல் உறுப்பினர் பட்டியலில் தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இடம்பெறவில்லை. மூவின மக்களும் வாழும் மாகாணத்தின் பழைமையைப் பேண ஒரே இனத்தவர் போதும் என்று எண்ணினால், அந்தப் பழைமை மக்களைச் சேர்த்து வைக்காது, பிரித்தே வைக்கும்.

பழைய விகாரையோ, கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ எதுவாயினும் காக்கப்பட வேண்டியதே. அதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இறந்தவர்களின் அடையாளத்தைக் காப்பதற்காக உயிரோடிருப்பவர்களின் வயலைப் பறிக்க வேண்டியதில்லை. கல்லையும் காக்கலாம், கமக்காரனையும் காக்கலாம். எல்லையிட முன்னர் அந்த மண்ணில் உழுதவர்களை அழைத்துப் பேச வேண்டும். இதுவே நாம் கேட்கும் நியாயம்.

சட்டம் காவாத செல்வம்

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களையே பொதுவாகத் தொல்பொருட்களாகக் கொள்கின்றது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரின் கைக்கு மாறிய நாள் அது. பிற்காலக் கட்டடங்கள் சிலவற்றைத் தனியாக அறிவித்துக் காப்பதற்கு வழியுண்டு. எனினும் எமது அப்பு உழுத மரக்கலப்பையும் நுகமும், ஆச்சி நெல்லுக் குற்றிய உரலும், சுளகும் கடகமும், நெல் அளந்த கொத்தும் அந்தச் சட்டத்தின் நிழலுக்குள் வரமாட்டா. துலாவும் பட்டையும் எப்படி இருந்தன என்பதைக் கேட்டறியும் நிலையிலேயே எமது பிள்ளைகள் இன்று இருக்கின்றனர்.

பொருட்களாவது எங்கோ ஓரிரண்டு தப்பியிருக்கும். சொற்களின் நிலை அதைவிட மோசமானது. குளத்தின் அலைகரை, துருசு, வான், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் வழங்கிய பெயர், சூடு மிதிக்கும் களத்தில் மட்டும் பேசப்பட்ட சொற்கள், வட்ட விதானை தண்ணீர் முறை வைத்த ஒழுங்கு, பரப்பு, லாச்சம் என்ற அளவுகள், ஒவ்வொரு வயற்றுண்டுக்கும் இருந்த தனிப்பெயர் ஆகிய யாவும் முதியவர்களின் நினைவிலேயே உள்ளன. ஒரு முதியவர் கண்மூடும்போது ஒரு கிராமத்தின் வரைபடமும் அவரோடு புதைக்கப்படுகின்றது.

இதில் வெறும் ஞாபகத்துக்கு மேலாக ஒன்று அடங்கியிருக்கின்றது. காணி உறுதியில் காணியின் பெயரும் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகள் பற்றைக்காடாகக் கிடந்த நிலத்தில் வேலியும் இல்லை, எல்லை மரமும் இல்லை. அப்போது ‘வடக்கே இன்னாரின் வயல், கிழக்கே இந்த வாய்க்கால்’ என்று சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தால்தான் உறுதியில் உள்ள சொல் நிலத்தில் கால் ஊன்றும். பத்திரமே இல்லாமல் காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கோ, அவர்கள் அங்கு வாழ்ந்தார்கள் என்பதற்கு ஊரவரின் நினைவும், பழைய பங்கீட்டு அட்டையும், பாடசாலை இடாப்பும், ஞானஸ்நானப் பதிவேடுமே சான்றாகும். 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் விட்டுச்சென்ற வயல்களின் பெயர்களைச் சொல்லவல்ல அயலவர் தமிழராக இருந்தால், அவற்றை மறைக்காமற் சொல்வது அவர்களது கிறிஸ்தவக் கடமை. மனிதக் கடமையும் ஆகும்.

சுமந்து செல்வோரின் மரபு

பேணுதல் எமக்குப் புதிதல்ல. 1670 இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பிய மாந்தைக் கத்தோலிக்கர் தம் கையில் எடுத்துச் சென்றது அன்னையின் திருச்சுரூபத்தை. காட்டுக்குள் அவர்கள் அடைக்கலம் புகுந்த இடமே மடு. 2008 ஏப்பிரலில் போர் மடுவை நெருங்கியபோது அதே சுரூபம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் மடுவுக்கு வந்தது. எதை விட்டாலும் இதை விடமாட்டோம் என்று ஒரு மக்கள் கூட்டம் முடிவெடுத்தால் அது முந்நூறு ஆண்டுகளையும் கடந்து நிலைக்கும்.

விவிலியத்திலும் எமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. எருசலேம் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில், காவலில் வைக்கப்பட்டிருந்த எரேமியா இறைவாக்கினர் தம் உறவினரிடமிருந்து அனத்தோத்தில் ஒரு நிலத்தை வாங்கினார். பகைவரின் கையில் விழப்போகும் நிலத்துக்கு வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். அத்தோடு நிற்கவில்லை. முத்திரையிட்ட உறுதியையும் அதன் திறந்த பிரதியையும் நெடுங்காலம் கெடாமலிருக்க மண்சாடியில் வைக்குமாறு பாரூக்கிடம் பணித்தார். மக்கள் ஒருநாள் திரும்பி வந்து வீடும் வயலும் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையின் அடையாளம் அது. நம்பிக்கை வானத்தைப் பார்த்திருப்பதோடு முடிவதில்லை. சாடி தேடிப் பத்திரத்தைப் பத்திரப்படுத்துவதும் நம்பிக்கையே.

நாம் செய்யக்கூடியவை

பெரிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ இல்லாமலே தொடங்கக்கூடிய வேலைகள் சில உள்ளன.

முதலாவது, பத்திரங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை எதுவாயினும் கைத்தொலைபேசியிலாவது படம்பிடித்து மூன்று இடங்களில் வைத்திருங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், ஒன்று நம்பிக்கைக்குரிய பொதுநிறுவனத்தில். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி பெற முயலலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

இரண்டாவது, வயல் வரைபடம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஒரு நாளை ஒதுக்கி, ஊரின் மூத்தவர்களை நடுவில் இருத்தி, குளத்திலிருந்து தொடங்கி வாய்க்கால், வரம்பு, வயற்பெயர் யாவற்றையும் ஒரு பெரிய தாளில் வரையுங்கள். சொல்பவரின் குரலையும் பதிவு செய்யுங்கள். பெண்களைக் கட்டாயம் அழையுங்கள். நாற்று நட்டவர்களும் களை பிடுங்கியவர்களும் அவர்களே.

மூன்றாவது, ஓர் அறை. பங்கு மண்டபத்திலோ, பாடசாலையிலோ, சனசமூக நிலையத்திலோ ஓர் அறையின் ஒரு மூலை போதும். கலப்பை, நுகம், உரல், கொத்து, சுளகு என்பவற்றை வைத்து, கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் எழுதி ஒட்டுங்கள். இரும்புக் கடைக்குப் போகவிருப்பது பிள்ளைகளுக்குப் பாடமாகட்டும்.

நான்காவது, விதை. கன்னொறுவையில் 1988 இல் நிறுவப்பட்ட தாவர மரபணு வள நிலையத்தில் நாட்டு நெல்லினங்கள் குளிரறையில் பாதுகாக்கப்படுகின்றன. அது நல்லது. ஆயினும் விதைக்கு உயிர் தருவது வயல். பச்சைப்பெருமாளும் மொட்டைக்கறுப்பனும் இன்னும் யாரிடமாவது இருந்தால், காலபோகத்தில் ஒரு சிறு துண்டிலாவது விதைத்து அயலவருக்கும் பங்கிடுங்கள்.

ஐந்தாவது, திருச்சபையின் பங்கு. பங்குகளின் பழைய பதிவேடுகள் பல செல்லரித்து வருகின்றன. அவை ஆன்மீக ஆவணங்கள் மட்டுமல்ல. ஓர் ஊரில் யார் பிறந்தார், யார் மணந்தார், யார் அடக்கம் செய்யப்பட்டார் என்பதற்கான சாட்சியங்கள். அவற்றைப் படம்பிடித்துக் காக்கும் வேலையை மறைமாவட்டங்கள் பின்போடக்கூடாது. மக்களிடம் ‘பத்திரத்தைக் காத்துக்கொள்’ என்று சொல்லும் நாம் எமது அலுமாரியையும் திறந்து பார்க்க வேண்டும்.

அரும்பொருட் காட்சியகங்களை நடத்தும் அறிஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்த பணி பெரியது. ஆனால் நகரத்திலிருந்து பார்த்தால் கிராமம் பொருட்களைச் சேகரிக்கும் இடமாகவே தெரியும். வந்து பொருளை எடுத்துச் செல்வதோடு நில்லாமல், ஓலையை உரியவரிடமே விட்டுப் பிரதியை எடுத்த அந்த நல்ல முறையைக் கிராமங்களுக்கும் கொண்டுவாருங்கள். பொருளைப் பேணும் முறையை எமது இளைஞர்களுக்குச் சொல்லித் தாருங்கள்.

இன்றும் தம் காணிக்குத் திரும்ப முடியாமல் காத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. முட்கம்பிக்கு அப்பால் இருக்கும் வயலை இன்று நாம் உழ முடியாதிருக்கலாம். அதன் பெயரைச் சொல்வதையும், எழுதி வைப்பதையும், பிள்ளைக்குக் கற்பிப்பதையும் எந்த முட்கம்பியும் தடுக்காது. அடுத்த போகத்துக்கு முன்னர் உங்கள் வீட்டிலுள்ள மிக மூத்தவரின் அருகில் ஒரு கொப்பியோடு அமருங்கள். எமது வயல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள்.