பிள்ளைகளின் படிப்பும் நோயின் வரைபடமும்

நமது பிள்ளைகள் பத்தாம் வகுப்பை எட்டியதும் வீட்டில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வைத்தியமா, பொறியியலா? இரண்டும் சிறந்த துறைகளே. ஆயினும், நம்மவர் உயிரோடு நெருங்கிய தொடர்புடைய இன்னொரு துறையையும் அங்கத்தவர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். காற்றும் நீரும் நிலமும் மக்களின் உடல்நலத்தை எங்கெங்கே, எவ்வாறு பாதிக்கின்றன என்பதை வரைபடத்தில் குறித்து ஆராயும் சுற்றாடல் சுகாதாரத் துறையே அது.

இதன் வரலாறு பழையது. 1854இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை புரோட் வீதியிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே நெருங்கிக் கிடந்தன. நோய் நீரால் பரவுகிறது என்ற அவரது கருத்துக்கு அது வலுவூட்டியது. இன்று அதே வேலையைக் கணினியும் செய்மதிப் படங்களும் கொண்டு செய்கிறார்கள்.

நமக்கு மிக அண்மையான உதாரணம் மெல்பேண் நகரிலேயே உண்டு. 2016 நவம்பர் 21ஆம் திகதி மாலை வீசிய இடிமழையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் வைத்தியசாலைகளை நாடினர். பத்துப் பேர் இறந்தனர். ரை என்னும் புல்லின் மகரந்தம் ஈரத்தால் வெடித்து, நுரையீரலுக்குள் புகக்கூடிய நுண்துகள்களாகக் காற்றில் பரவியதே காரணம். அதற்கு முன் தொய்வு நோயே இல்லாத பலரும் பாதிக்கப்பட்டனர். வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தோர் தமது தொகைக்கு மிஞ்சிய அளவில் பாதிக்கப்பட்டதைக் கண்டனர். ஆம், நம்மவர்களே.

ஒரு வைத்தியர் தம் முன்னே வந்த நோயாளியைக் காப்பாற்றுவார். ஆனால் ஆயிரம் நோயாளிகளின் வயது, வசிப்பிடம், பிறந்த நாடு, அன்றைய காற்று ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து, அடுத்த புயலுக்கு முன் நகரத்தை எச்சரிக்க வேறொரு பயிற்சி வேண்டும். 2017 முதல் விக்டோரியாவில் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை வெளியாகும் இடிமழைத் தொய்வு முன்னறிவிப்பு அத்தகைய உழைப்பின் பயன்.

பெற்றோரின் தயக்கமும் எனக்குப் புரிகிறது. கலாநிதிப் பட்டத்திற்கு மூன்று நான்கு வருடங்கள் செல்லும். அதன் பின்னரும் பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலைகள் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. மானியம் முடிந்தால் வேலையும் முடியலாம். இதை மறைத்துப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. ஆயினும் புள்ளிவிபரமும் வரைபடக் கணிப்பும் கற்றவருக்குச் சுகாதாரத் திணைக்களங்களிலும் நகரசபைகளிலும் இடமுண்டு. புவியியலில் ஆர்வமுள்ள பிள்ளையை “அதைப் படித்து என்ன செய்வாய்?” என்று மடக்குவது நியாயமன்று.

நமது வீடுகளின் பழக்கவழக்கங்களை அறிந்த ஒருவர் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் தவறாமல் கேட்கப்படும். எச்சரிக்கை தமிழிலும் வந்து, நமது முதியோர் காதிலும் விழும்.

ஆகவே, பாடத் தெரிவுக் காலத்தில் சங்கம் மாணவருக்கு நடத்தும் வழிகாட்டலில் இத்துறையையும் சேர்ப்போமாக. அதுவரை வசந்த காலத்தில் தும்மலும் கண் அரிப்பும் உள்ளவர்கள் வைத்தியரைக் கண்டு ஆலோசனை பெறுங்கள். முன்னறிவிப்பைப் பாருங்கள், புயல் வரும் வேளையில் கதவு யன்னல்களை மூடி உள்ளே இருங்கள்.