போர்த்தினாலும் தடைபடாத வெளிச்சம்

பிறந்து இரண்டு, மூன்று நாளில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால், ரத்தத்தில் 'பிலிருபின்' அளவு மீறினால் அது மூளையைப் பாதிக்கும். காது கேளாமை, கை கால் இயக்கக் கோளாறு என்று வாழ்நாள் முழுக்கத் தொடரலாம்.

தடுக்கும் வழி எளிது. குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பார்கள். தோலில் படும் ஒளி பிலிருபினை உருமாற்றும். அது மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும்.

இதில் என்ன தவறு நேர்ந்துவிடும்?

வெற்றுடம்போடு கிடக்கும் பச்சைக் குழந்தையைப் பார்த்தால் பெற்றவளுக்கு மனசு கேட்குமா? குளிருமே என்று போர்த்திவிடுவாள். மேலிருந்து வரும் ஒளி துணியோடு நின்றுவிடும். கூட்டம் அதிகமான வார்டில் ஒரே விளக்கின் கீழ் இரண்டு, மூன்று குழந்தைகளைக் கிடத்துவதும் உண்டு. ஒரு குழந்தையின் நோய்த்தொற்று பக்கத்துக் குழந்தைக்குப் பரவ அது போதும்.

அமெரிக்காவின் 'டிசைன் தட் மேட்டர்ஸ்' என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு, முன்பு கார் உதிரிபாகங்களைக் கொண்டு இன்குபேட்டர் ஒன்றை வடிவமைத்தது. ஹெட்லைட்தான் அதில் சூடு தரும். 2010-ல் 'டைம்' இதழின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. பாராட்டு குவிந்தது, தயாரித்து விற்கத்தான் யாரும் வரவில்லை.

அடுத்த முறை, கருவியைத் தயாரிக்கப் போகிறவர்களையே முதலில் கூட்டுச் சேர்த்தார்கள். வியட்நாமின் எம்.டி.டி.எஸ் நிறுவனத்தோடு இணைந்து உருவானது 'ஃபயர்ஃப்ளை' என்ற ஒளிச் சிகிச்சைக் கருவி. அதன் தொட்டிலில் ஒரு குழந்தைக்குத்தான் இடம். இன்னொன்றைப் படுக்கவைக்க முடியாது. எல்.இ.டி விளக்குகள் மேலே மட்டுமல்ல, கீழேயும் உண்டு. அம்மா போர்த்திவிட்டாலும் கீழிருந்து சிகிச்சை நடந்துகொண்டே இருக்கும்.

'போர்த்தாதீர்கள்' என்று சுவரில் எழுதி ஒட்டுவது சுலபம். இரவு முழுக்க விழித்திருந்த தாயும், ஓய்வில்லாத நர்ஸும் அதைப் படித்து நடப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. அவர்கள் தவறினாலும் குழந்தையைக் காப்பதுதான் நல்ல கருவி.

ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படிப்பட்ட கருவி இருக்காது. ஆகவே, விளக்கின் கீழ் இருக்கும் குழந்தையை நாமாகப் போர்த்தக் கூடாது. குளிருமோ என்று தோன்றினால் நர்ஸிடம் சொல்லுங்கள். கண்ணை மறைத்திருக்கும் துணியை விலக்காதீர்கள். தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள். காலை வெயிலில் காட்டுவது இந்தச் சிகிச்சைக்கு ஈடாகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் உடம்பு மஞ்சளாகத் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.