ஒல்லிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை



எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பந்தியில் மூன்றாம் முறையும் சாதம் கேட்பார். பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு வழித்துச் சாப்பிடுவார். போன தீபாவளிக்குத் தைத்த சட்டை இந்தத் தீபாவளிக்கும் தொளதொளவென்றுதான் இருக்கும். "திங்கிறதெல்லாம் எங்கடா போகுது?" என்று பெரியம்மா கேட்க, தண்ணீர் குடித்தாலே எடை ஏறுகிற அடுத்த இலைக்காரர் பெருமூச்சு விடுவார்.

இந்தத் தீபாவளி மலருக்காகப் பலகாரக் குறிப்புகளைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மாவின் கேள்விக்கு யாராவது உருப்படியாகப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடினோம். பாதிப் பதில் அமெரிக்காவில் கிடைத்தது. மீதி நம் புனேயில்.

முதலில் அமெரிக்கா. மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு, அவரவர் தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாக, 8 வாரம் ஊட்டினார்கள். 1999-இல் முடிவு வெளியானது. எல்லாருக்கும் ஒரே அளவு கூடுதல் உணவுதான். ஆனால் ஒருவருக்கு உடம்பில் சேர்ந்த கொழுப்பு அரை கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு 4 கிலோவுக்கும் மேல். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் உடற்பயிற்சி இல்லை. உட்காருவது, எழுவது, நடமாடுவது, காலை ஆட்டுவது என்று நாள் முழுக்க நாமறியாமல் செய்கிற சின்னச் சின்ன அசைவுகள்தாம். சிலருக்குச் சாப்பாடு கூடினால் இந்தத் துறுதுறுப்பும் தானாகக் கூடிவிடுகிறது. "ஒரு இடத்துல இருக்க மாட்டான்" என்று நம் பாட்டிகள் சொன்னதில் உடலியல் இருந்திருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒல்லிக்காரர்கள் இன்னொரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். புனே விடவில்லை.

புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் நீரிழிவு மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். இவரும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரையுமே படமாகப் போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவரும் பார்வைக்கு மெலிந்தவர்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான்: 22.3. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதம். யுட்கின் அப்போது மராத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் ஓட்டமோ, காலையில் மருத்துவமனை லிஃப்ட் கதவு மூடுவதற்குள் பாய்ந்து ஏறுவதுதான் என்று அவர்களே கிண்டலாகச் சொல்லிக்கொண்டார்கள். கூடவே இன்னொரு குறிப்பும் வைத்தார்கள்: யாஜ்னிக் பிறந்தபோதே எடை குறைவு.

அந்தக் கடைசிக் குறிப்புக்குப் பின்னால் யாஜ்னிக்கின் பல வருட உழைப்பு இருக்கிறது. 1993-இல் புனேக்கு அருகே 6 கிராமங்களில், கருவுறும் முன்பிருந்தே பெண்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்றுப் பகுதி உறுப்புகள் சிறியவை. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு: பிறக்கும்போதே அப்படி! தசை குறைந்தால் சாப்பிட்ட சர்க்கரை போய்ச் சேர இடம் குறையும். பருமன் இல்லாதவர்களுக்கும் நம் ஊரில் நீரிழிவு வருவதன் வேர்களில் ஒன்று இது.

ஆகவே ஒல்லியாக இருக்கிற அன்பர்களே, கண்ணாடியையும் எடை மெஷினையும் மட்டும் நம்பாதீர்கள். ஓர் இஞ்ச் டேப் போதும். இந்திய மருத்துவர்கள் வகுத்த அளவுப்படி இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரை, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முப்பதைக் கடந்தவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர்கள், உடம்பு மெலிவாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். நிறையச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போகிறது, தாகமும் அடிக்கடி சிறுநீரும், அல்லது படபடப்பும் கைநடுக்கமும் இருக்கிறது என்றால் அதைக் கொடுப்பினை என்று எண்ணி மகிழாமல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையோ தைராய்டோ காரணமாக இருக்கலாம்.

கேலி செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "காத்தடிச்சா பறந்துடுவா" என்று ஒல்லியான பெண்ணையும், "கொஞ்சம் பார்த்துச் சாப்பிடேன்" என்று பூசினாற்போல் இருப்பவளையும் பந்தியில் வைத்துப் பேசுவதை இந்த வருடத்தோடு விட்டுவிடலாம். இருவர் உடம்பின் கணக்கும் வெளியே தெரிவதில்லை.

அதைவிட முக்கியமானது அந்தப் புனே கிராமங்களின் தாய்மார்களுடைய தட்டு. கருவுறும் முன் அவர்களின் சராசரி எடை சுமார் 42 கிலோ. வயலிலும் வீட்டிலும் ஓயாத வேலை. மொத்தம் எத்தனை கலோரி சாப்பிட்டார்கள் என்பதைவிட, கீரையும் பழமும் அடிக்கடி சாப்பிட்டார்களா என்பதோடுதான் குழந்தையின் வளர்ச்சி பொருந்திப்போனது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் கிடைக்கும் பி12 வைட்டமினும் பலருக்குப் பற்றாக்குறை. நம் வீடுகளில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கீரைக் கூட்டு அவர்களுக்கு எட்டுவதற்குள் பாத்திரம் காலியாகியிருக்கும். பிள்ளை பருமனா, ஒல்லியா என்று பிற்பாடு கவலைப்படுவதைவிட, இன்று அவர்களை முதல் பந்தியில் உட்கார வைப்பது நல்லது.

இந்த மலரில் முறுக்கு, அதிரசத்தோடு, புனே வீடுகளில் தீபாவளிக்குச் செய்யும் கரஞ்சி, சங்கர்பாளி செய்முறைகளும் இருக்கின்றன. நிறையச் செய்யுங்கள், பகிர்ந்து சாப்பிடுங்கள். செய்தவரும் சூடாக இருக்கும்போதே இரண்டு சாப்பிடட்டும். லேகியம் கிளறவும் மறக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பக்குவத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

இனிய தீபாவளி வாழ்த்துகள்!

அன்புடன்,
ஆசிரியர்