கோளாறை அழிக்காதீர்கள்!



உங்கள் செய்முறை நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்திற்கு என்ன விடை எழுதியிருக்கிறீர்கள்? 9.8 என்றோ 9.79 என்றோ இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரின் நோட்டிலும் அநேகமாக அதுவே இருக்கும். வகுப்பில் நாற்பது பேர் என்றால் நாற்பது நோட்டிலும் அப்படித்தான். நாற்பது பேர் எண்ணினார்கள், நாற்பது பேர் அளந்தார்கள், ஒருவருக்குக்கூடத் தவறவில்லை! நம்ப முடிகிறதா?

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இத்தகைய நோட்டுகளில் இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு வந்தேன். நான் செய்துவந்தது சரியல்ல என்று எனக்கு உணர்த்தியது ஒரு பழைய கார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

எங்கள் பெரியப்பாவிடம் 1972ஆம் ஆண்டு அம்பாசிடர் கார் ஒன்று இருந்தது. மார்க் 2 என்னும் வகை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கிய கார் இது. 2014இல் உற்பத்தி நின்றுபோயிற்று. பெரியப்பா மறைந்த பிறகு அந்தக் கார் பதினோரு ஆண்டுகள் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. எலிகள் இருக்கையில் குடியிருந்தன. "பழைய இரும்புக்குப் போட்டால் காசாவது தேறும்" என்றார்கள் வீட்டில். நான் கேட்கவில்லை. விடுமுறை நாட்களில் நானே அதைச் சரிசெய்வது என்று முடிவு செய்தேன். முதுகலைப் பட்டம் பெற்ற இயற்பியல் ஆசிரியன் அல்லவா நான்! ஒரு 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

தொடக்கத்தில் என் படிப்பு கைகொடுக்கத்தான் செய்தது. புகைக் குழாயைப் பிடித்திருந்த நட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்தும் அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் திருகியதில் ஒரு போல்ட் முறிந்தேபோயிற்று. பிறகுதான் யோசித்தேன். நட்டைச் சூடாக்கினால் அதன் துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? நீங்களும் ஒரு நிமிடம் யோசியுங்கள். இரும்பு எல்லாப் பக்கமும் விரிவதால் துளையும் பெரிதாகத்தான் ஆகும். 10 மில்லிமீட்டர் துளையை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 0.036 மில்லிமீட்டர் விரியும். தலைமயிரின் பருமனில் பாதிதான். ஆனால் துருவின் பிடி தளர அது போதும். கொஞ்சம் தள்ளியிருந்த பெட்ரோல் குழாயை முதலில் கழற்றி வெளியே வைத்துவிட்டு, நட்டை மட்டும் சூடாக்கினேன். கழன்று வந்தது.

பிரேக்கும் அப்படித்தான். பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போலிருந்தது. திரவத்தை அழுத்திச் சுருக்குவது கடினம். காற்றை எளிதில் சுருக்கிவிடலாம். பாஸ்கல் விதிப்படி சக்கரத்துக்குப் போக வேண்டிய அழுத்தம், குழாயில் புகுந்த காற்றுக் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடுகிறது. ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றி, ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை வெளியேற்றியதும் பெடல் கல்லைப் போல உறுதியாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

எஞ்சின் ஓடியது, ஆனால் தடுமாறித் தடுமாறி ஓடியது. மின்பொறியில்தான் கோளாறு என்று ஊகித்தேன். அதற்குரிய உறுப்புகள் மூன்று. முதலாவது காயில் எனப்படும் தூண்டு சுருள். இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட். மூன்றாவது, பட்டறையில் கண்டென்சர் என்று சொல்லும் மின்தேக்கி. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமையில்லை. மூன்றையும் கடையில் புதிதாக வாங்கி ஒரே நாளில் மாற்றினேன். தடுமாற்றம் போயிற்று! ஆனால் புதிதாக ஒரு தொல்லை வந்தது. இருபது நிமிடம் ஓடி எஞ்சின் சூடேறியதும் கார் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவைத்தால் மீண்டும் ஓடும்.

பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்று எண்ணினேன். பெட்ரோல் பம்பை மாற்றினேன், பயனில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பயனில்லை. தொட்டியைக்கூட இறக்கிச் சுத்தம் செய்தேன். மூன்று மாதமும் கணிசமான பணமும் போயின. மின்பொறியை மட்டும் நான் சந்தேகிக்கவேயில்லை. அங்கேதான் எல்லாமே புதிது ஆயிற்றே!

கடைசியில் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அறுபது வயதைத் தாண்டியவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரே நாள்ல மூணு சாமானை மாத்திட்டீங்களே சார், எதை மாத்தினதுல சரியாச்சு, எதை மாத்தினதுல கெட்டுப்போச்சுன்னு இப்ப எப்படிச் சொல்வீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுபவன் நான்!

"எல்லாமே புதுசு பாய்" என்றேன் மெதுவாக.

"புதுசுன்னா நல்லதுன்னு யார் சார் சொன்னது? பழசைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

நல்லவேளையாகப் போடவில்லை. பழைய உறுப்புகள் ஒரு பால்மாவு டப்பாவில் கிடந்தன. கார் சூடாகி நின்றபோது பாய் மின்பொறியைச் சோதித்துக் காட்டினார். குளிர்ந்திருக்கும்போது நீலமாகப் பளிச்சென்று வரும் பொறி, இப்போது மஞ்சளாக, உயிரில்லாமல் வந்தது. புதிய பாயிண்ட்டின் முகம் அதற்குள் கருகியிருந்தது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியை முன்போல் 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தோம். மற்றெதையும் தொடாமல் பழைய கண்டென்சரை மட்டும் மாட்டினோம். நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன், நிற்கவில்லை. "இப்ப புதுசைத் திரும்ப மாட்டுங்க" என்றார் பாய். மாட்டினேன். இருபதாவது நிமிடம் கார் நின்றது. மறுபடி பழையது, மறுபடி ஓடியது. அதன் பிறகுதான் "இதுதான் கோளாறு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன்.

அந்தச் சின்ன உருளைக்கு அங்கே என்ன வேலை? பாயிண்ட் மூடியிருக்கும்போது, 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறக்குறைய 4 ஆம்பியர் மின்னோட்டம் காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்ட் திறந்ததும் காந்தப்புலம் சரிகிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த தூண்டல் விதிப்படி, அது எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு அதிகமான மின்னழுத்தம் துணைச் சுற்றில் பிறக்கும். பிளக்கில் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். ஆனால் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கிறது. திறக்கும் பாயிண்ட்டின் இடைவெளியிலேயே தாவப் பார்க்கிறது. கண்டென்சர் அதைத் தன்பால் ஏற்றுக்கொண்டு மின்னோட்டத்தை விரைவாக நிறுத்துகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது இவ்வளவும் ஒரு விநாடிக்கு 100 முறை நடக்கிறது! கண்டென்சரின் காப்புப் பொருள் சூட்டில் கசிந்தால் பாயிண்ட் கருகும், பொறி சோர்ந்துவிடும். நான் வாங்கிய புதிய கண்டென்சரில் நடந்தது அதுதான்.

தூண்டு சுருளோடு மின்தேக்கியை இணைத்தால் பொறி வலுப்படும் என்று 1853இல் காட்டியவர் யார் தெரியுமா? பிரான்சு நாட்டு ஃபீசோ. ஒளியின் வேகத்தைப் பற்சக்கரம் கொண்டு 1849இல் அளந்தாரே, அவரேதான். இந்தப் பாடத்தை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனாலும் என் கண்ணெதிரே அது கெட்டுப்போனபோது எனக்குத் தெரியவில்லை. "புதியது, ஆகவே சரியானது" என்ற நம்பிக்கை கண்ணை மறைத்துவிட்டது.

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1990இல் விண்ணில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி தெளிவற்ற படங்களை அனுப்பியது. அதன் பெரிய கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் அளவுக்குப் பிழையாகத் தீட்டப்பட்டிருந்தது. தீட்டும்போது சோதித்த கருவியிலேயே ஒரு பாகம் 1.3 மில்லிமீட்டர் இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். வேறு சோதனைகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. ஆனால் அந்தப் புதிய கருவிதான் மிகத் துல்லியமானது என்று நம்பி, மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் வரை அந்தப் பிழை நீடித்தது. பொருந்தாத அளவீட்டை ஒதுக்கித் தள்ளியதால் வந்த வினை அது.

இனி, என் நோட்டுக் கதைக்கு வருகிறேன். கார் சரியான அந்த வாரம் எனக்கு ஒரு மாணவியின் நினைவு வந்தது. ஊசல் சோதனையில் அவளுக்கு விடை 10.84 என்று வந்திருந்தது. "சரியாக எழுதிக்கொண்டு வா" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். மறுநாள் 9.79 என்று கொண்டுவந்தாள். ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவளை மீண்டும் அழைத்து, "முதலில் எப்படி எண்ணினாய் அம்மா?" என்று கேட்டேன். "ஊசலை விட்டதும் 'ஒன்று'ன்னு ஆரம்பிச்சேன் சார்" என்றாள். அங்கேதான் கோளாறு! விடும்போது 'சுழி' என்று தொடங்கியிருக்க வேண்டும். இருபது அலைவு என்று அவள் எண்ணியது உண்மையில் பத்தொன்பதுதான். அலைவு நேரம் 5 விழுக்காடு குறைந்துவிட்டது. அதன் இருமடியால் வகுப்பதால் விடை 11 விழுக்காடு ஏறிவிட்டது. 9.78ஐ 19இன் இருமடியால் வகுத்து 20இன் இருமடியால் பெருக்கிப் பாருங்கள், 10.84 வரும். அவள் கடிகாரத்தைப் பார்த்ததிலும் நீளத்தை அளந்ததிலும் தவறே இல்லை. அந்த 10.84 எவ்வளவு அருமையான எண்! அதற்குள் ஒரு பாடம் இருந்தது. அதை அழிக்கச் சொன்னவன் நான். அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். பொருந்தாத விடையை அழித்துவிட்டுச் சரியான விடையை எழுதுவது பொய் மட்டுமன்று. கற்கக் கிடைத்த வாய்ப்பைத் தொலைப்பதும் ஆகும். காரை அப்படி ஏமாற்ற முடியாது. "கார் ஓடியது" என்று நோட்டில் எழுதினால் கார் ஓடிவிடாது. அதனால்தான், பழுது பார்ப்பது ஒவ்வொரு பள்ளியிலும் செய்முறைப் பாடமாக வேண்டும் என்கிறேன்.

"பழைய கார் புகை கக்குமே, செலவு வைக்குமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் காரில் புகையைத் தூய்மை செய்யும் கருவி இல்லை. அதனால் மாதத்துக்கு ஓரிரு முறைதான் ஓட்டுகிறேன். பள்ளிக்குக் கார் தேவையில்லை. பழைய சைக்கிள், ஓடாத தையல் இயந்திரம், நின்றுபோன சுவர்க் கடிகாரம் போதும். "தேர்வுக்கு இது வருமா?" என்பது அடுத்த கேள்வி. வர வேண்டும் என்பதே என் வாதம். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் வரையில் மாணவர்கள் விடையைத்தான் செய்வார்கள், சோதனையைச் செய்யமாட்டார்கள். தவறான விடையை எழுதி, காரணத்தையும் கண்டுபிடித்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரவேண்டும். என் வகுப்பில் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

நீங்கள் இன்றே தொடங்கலாம். ஒரு நோட்டை எடுத்து 'கோளாறு ஏடு' என்று பெயரிடுங்கள். என்ன கோளாறு, எதைச் சந்தேகித்தீர்கள், எந்த ஒன்றை மாற்றினீர்கள், என்ன ஆயிற்று என்று நாளிட்டு எழுதுங்கள். சரியானதும் பழைய உறுப்பைத் திரும்ப மாட்டி, கோளாறு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தில் இயங்கும் பொருள்களைப் பெரியவர் இல்லாமல் திறக்காதீர்கள். கார் இருக்கும் வீடென்றால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியில் போகாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பட்டறையில் கரிபடிந்த கையோடு வேலை செய்பவரிடம் ஒருநாள் போய், "கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் சொல்வதையும் அந்த ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.